பாலிடெக்னிக்கில் பாதியில் நின்ற மேதை

(மூன்றாம் ஆண்டு வேதிப் பொறியியல் பட்டய வகுப்பு மாணவி)



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி நம் மன்றச் செயலாளர் கேட்டபோது, நான் மேரி கியூரியைப் பற்றி எழுதுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கியூரி அம்மையாரைப் பற்றி எழுத நம் வகுப்பிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி. 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். மருந்தியல் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம்மில் பல பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மாத்திரை நம் வீட்டு அலமாரியில் இருக்கலாம்.

எங்க வீட்டில் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு இருந்தன. இரண்டும் சேர்ந்து இருந்ததுதான் தப்பாகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவர் கதைக்கு வருகிறேன். ஏனென்றால் அது நடக்காவிட்டால் இந்த அம்மையாரின் பெயரே எனக்குத் தெரிந்திருக்காது.

மஞ்சள் பையில் இருந்த மாத்திரைகள்

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா லோடு மேன். அம்மா பூக்கட்டி விற்கிறார். சித்தப்பா கொத்தனார். நான் பத்து வயசுப் பிள்ளையாக இருக்கும்போது சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து போயின. அப்பத்தா தன் சிறுநீரகம் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து சித்தப்பா மறுபடி கரண்டியைப் பிடித்துச் சுவர் எழுப்பினார். ஆனால் மாத்திரை மட்டும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாத்திரை அட்டையில் இருக்கும் இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் எட்டாவது படிக்கும்போதிருந்தே எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை ராத்திரி என்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் எனக்குப் பெருமைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்குக் காலில் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். கிட்னி ஆபரேஷன் என்று தெரிந்தால் வைத்தியம் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். பிரஷர் மாத்திரை மட்டும் சாப்பிடுவதாக நான் சொன்னேன். யூரிக் ஆசிட் கூடிவிட்டது என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அதன் பெயர் அல்லோபியூரினால். மெடிக்கலில் வாங்கி வந்து, அட்டையில் இருந்த பெயரைச் சரியாகப் படித்து, தினமும் தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

நாலு வாரம் போனது. சித்தப்பாவுக்கு விடாத காய்ச்சல். வாயெல்லாம் புண். படியேற முடியவில்லை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். ஏன் குறைந்தது என்று முதலில் தெரியவில்லை.

அங்கே ஒரு அக்கா வந்தார். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களின் மருந்துகளை மட்டும் கவனிக்கிற மருந்தாளுநர். ஆஸ்பத்திரி மருந்தாளுநர் என்றால் கவுன்டரில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் கட்டிலுக்கே வந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த மஞ்சள் பையைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த அத்தனையையும் மேஜையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தார். இது எதற்கு, எப்போது ஆரம்பித்தீர்கள், எத்தனை நாள், யார் எழுதியது என்று கேட்டுக்கொண்டே வந்தார். அல்லோபியூரினால் அட்டை கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அப்புறம் சித்தப்பா வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்த அசதயோப்ரின் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். உடனே டாக்டருக்குப் போன் செய்தார்.

அன்றைக்கே இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து சித்தப்பா பிழைத்தார். அப்பத்தா கொடுத்த சிறுநீரகமும் பிழைத்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து அந்த அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. இரண்டு மாத்திரையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை என்றும், இரண்டையும் உருவாக்கியவர்களில் ஒருவர் ஒரு பெண் என்றும் சொன்னார். பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேதியியல் படிக்கிற பிள்ளை கட்டாயம் படிக்க வேண்டிய கதை என்றார்.

அந்தக் கதைதான் இது.

தாத்தாவின் கட்டிலருகே ஒரு முடிவு

கெர்ட்ரூட் பெல் எலியன் 1918 ஜனவரி 23-ம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். அப்பா லித்துவேனியாவில் இருந்தும், அம்மா அன்று ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்துப் பகுதியில் இருந்தும் பிழைக்க வந்தவர்கள். அப்பா பல் மருத்துவர். வசதியாகத்தான் இருந்தார்கள். 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது சேர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டது.

எலியனுக்குப் பதினைந்து வயதில், அவர் ரொம்பப் பாசம் வைத்திருந்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துடித்து இறந்தார். அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்து பார்த்தது. யாருக்கும் இந்த வேதனை வரக்கூடாது, இதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். 1933-ல் ஹன்டர் கல்லூரியில் வேதியியலில் சேர்ந்தார். அது பெண்கள் கல்லூரி. அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. அப்படி இலவசமாக இருந்திராவிட்டால் தன்னால் படித்தே இருக்க முடியாது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நண்பர்களே, கட்டணம் இல்லாத ஒரு கல்லூரி என்ன செய்யும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

ஊறுகாயும் முட்டை மஞ்சள் கருவும்

1937-ல் பத்தொன்பது வயதில், மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் வாங்கினார். மேற்படிப்புக்குப் பதினைந்து இடங்களில் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. ஒரு நேர்காணலில், தகுதியெல்லாம் இருக்கிறது, ஆனால் பெண் ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று காரணம் சொல்லி அனுப்பினார்களாம்!

அவர் என்ன செய்தார்? செயலாளர் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்தார். ஆறு வாரத்தில் நர்ஸ் மாணவிகளுக்கு உயிர்வேதியியல் சொல்லித் தரும் வேலை வந்தது. மூன்றே மாதம்தான். அதுவும் முடிந்தது. பிறகு ஒரு வேதியியலாளரைச் சந்தித்து, சம்பளமே வேண்டாம், வேலை கற்றுக்கொள்ள விடுங்கள் என்று கேட்டு அவர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஒன்றரை வருஷம் கழித்து அங்கே வாரம் 20 டாலர் சம்பளம் வாங்கும் நிலைக்கு வந்தார். அதில் மிச்சம் பிடித்து 1939-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை வேதியியலில் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பகலில் பள்ளிக்கூடங்களில் பதில் ஆசிரியையாக வேலை. ராத்திரியிலும் வார விடுமுறையிலும் ஆராய்ச்சி. 1941-ல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதே 1941-ல்தான் அவர் வாழ்க்கையில் பெரிய அடி விழுந்தது. அவர் திருமணம் செய்துகொள்ள இருந்த லியோனார்ட் என்ற இளைஞர், இதயத்தின் உட்சுவரைப் பாக்டீரியா தாக்கியதால் இறந்துபோனார். சில வருஷம் கழித்துப் பரவலாகக் கிடைத்த பெனிசிலின் அப்போதே இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். தாத்தாவுக்கும் மருந்து இல்லை, இவருக்கும் மருந்து இல்லை. எலியன் கடைசி வரை திருமணமே செய்துகொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் படைக்குப் போனதால் ஆய்வுக்கூடங்களில் ஆள் இல்லை. அப்போதுதான் பெண்களைத் தேடினார்கள். எலியனுக்கு ஒரு பலசரக்கு நிறுவனத்தின் உணவுச் சோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஊறுகாயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது, மயோனைஸுக்குப் போகும் முட்டை மஞ்சள் கரு சரியான நிறத்தில் இருக்கிறதா, ஜாமுக்கு வந்த ஸ்ட்ராபெரியில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. புற்றுநோய்க்கு மருந்து தேடக் கிளம்பியவர் ஊறுகாயைச் சோதித்துக்கொண்டிருந்தார்! ஆனால் அவர் அதைக் கேவலமாக நினைக்கவில்லை. கருவிகளைக் கையாளக் கற்றுக்கொண்டார். ஒன்றரை வருஷத்தில் கற்க இனி ஒன்றும் இல்லை என்றானதும் கிளம்பிவிட்டார். நம் லேபில் வினிகரை டைட்ரேஷன் செய்யும்போது இது எதற்குடா என்று அலுத்துக்கொள்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இந்த ஊறுகாய்தான் ஞாபகம் வரும்.

பகலில் ஆய்வுக்கூடம், மாலையில் பாலிடெக்னிக்

1944-ல் அவருக்கு இருபத்தாறு வயது. பல் மருத்துவரான அப்பாவுக்கு பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பெனியின் மாதிரி மாத்திரைகள் வரும். அந்தக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார் அப்பா. நியூயார்க் பக்கத்தில் டக்கஹோ என்ற ஊரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்ற விஞ்ஞானி எலியனை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அவர் வேலை வாங்கிய விதம் வேறு மாதிரி. இதை மட்டும் செய் என்று எல்லை போடவில்லை. வேதியியலில் ஆரம்பித்த எலியன், நுண்ணுயிரியல், மருந்தியல், நோய் எதிர்ப்பியல் என்று போய்க்கொண்டே இருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த கையோடு முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்தார். எங்கே தெரியுமா? புரூக்ளின் பாலிடெக்னிக் நிறுவனத்தில்! பகல் முழுக்க ஆய்வுக்கூடம். மாலையில் நீண்ட ரயில் பயணம். ராத்திரி வகுப்பு. இரண்டு வருஷம் இப்படிப் படித்தபிறகு அங்கிருந்த புலத் தலைவர் கூப்பிட்டு, பகுதி நேரமாக இனித் தொடர முடியாது, வேலையை விட்டுவிட்டு முழு நேரம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலையை விட மறுத்தால் படிப்பில் அக்கறை இல்லை என்பதுதான் அவர் எண்ணம்.

எலியன் யோசித்தார். இத்தனை வருஷம் தேடிக் கிடைத்த வேலை. கையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி. வேலையை விடவில்லை, படிப்பை விட்டார். முனைவர் பட்டம் கடைசி வரை முறையாக முடிக்கவேயில்லை. அன்று அது சரியான முடிவா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நம் வகுப்பிலும் சிலருக்குத் தெரியும்.

போலிச் செங்கல்

இனி அவர் கண்டுபிடிப்புக்கு வருவோம். கொத்தனார் வீட்டுப் பிள்ளை என்பதால் செங்கல்லை வைத்தே சொல்கிறேன்.

நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் தன் டி.என்.ஏ.வை ஒருமுறை நகல் எடுக்க வேண்டும். அதற்குச் செங்கல் மாதிரி சில மூலப்பொருட்கள் தேவை. அவற்றில் ஒரு வகை பியூரின்கள். வேகமாகப் பெருகும் செல்லுக்குச் செங்கல் நிறைய வேண்டும். பார்ப்பதற்கு அசல் மாதிரியே இருக்கும் போலிச் செங்கல்லைக் கொடுத்தால்? செல் ஏமாந்து எடுத்து வைக்கும். கட்டடம் அதோடு நிற்கும். ஹிச்சிங்ஸின் யோசனை இது. பியூரின் பகுதியை எலியனிடம் ஒப்படைத்தார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவமே 1953-ல்தான் தெரிய வந்தது. இவர்கள் அதற்கும் முன்னாலேயே இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்!

அதுவரை மருந்து கண்டுபிடிப்பது பெரும்பாலும் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்க்கிற வேலையாகத்தான் இருந்தது. இவர்கள் செல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து அதற்கேற்ப மருந்தைக் கட்டினார்கள். நோபல் குழு பாராட்டியதும் இந்த வழியைத்தான்.

எலியன் நூற்றுக்கும் மேற்பட்ட பியூரின் சேர்மங்களைச் செய்து பார்த்தார். அவற்றில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகத்தை வைத்துச் செய்த ஒன்றுதான் 6-மெர்காப்டோபியூரின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அந்தக் குழந்தைகள் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். இந்த மருந்தில் நோய் பின்வாங்கியது. 1953-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் பல குழந்தைகளுக்கு நோய் திரும்பி வந்தது. நன்றாகி வீட்டுக்குப் போன பிள்ளை மறுபடி படுத்த செய்தி வரும்போதெல்லாம் எலியன் உடைந்து போவாராம். ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. பின்னாளில் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் அந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். அந்தச் சிகிச்சையில் எலியனின் மருந்து இப்போதும் இருக்கிறது.

உடம்பை ஏமாற்றிய மருந்து

வெள்ளை அணுக்கள்தான் நம் உடம்பின் காவல்காரர்கள். அந்நியப் பொருள் நுழைந்தால் வேகமாகப் பெருகிப் போய்த் தாக்கும். அடுத்தவரின் சிறுநீரகத்தை வைத்தால் அதையும் அந்நியன் என்றுதான் தாக்கும், அது பெற்ற தாய் கொடுத்ததாகவே இருந்தாலும் சரி. 1954-ல் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே என்ற மருத்துவர் வெற்றிகரமாக ஒரு சிறுநீரகத்தை மாற்றி வைத்தார். ஆனால் அதைக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரி இரட்டையர்கள். அதனால் உடம்பு எதிர்க்கவில்லை. இரட்டைப் பிறவி இல்லாத மற்றவர்கள் என்ன செய்வது?

1950-களின் கடைசியில் ராபர்ட் ஷ்வார்ட்ஸ், வில்லியம் டாமஷெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 6-மெர்காப்டோபியூரினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் எதிர்ப்புச் சக்தி அடங்கியதைக் கண்டார்கள். அதைப் படித்த ராய் கால்ன் என்ற இளம் ஆங்கிலேய அறுவை மருத்துவர், சிறுநீரகம் மாற்றி வைத்த நாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார். சிறுநீரகம் நாள் கடந்து நின்றது. இன்னும் நல்ல மருந்து இருக்கிறதா என்று ஹிச்சிங்ஸையும் எலியனையும் கேட்டார். எலியன் ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு சேர்மத்தைக் கொடுத்தார்கள். 6-மெர்காப்டோபியூரின்மேல் ஒரு மூடி போட்டது மாதிரி அது. உடம்புக்குள் போனபிறகுதான் மூடி கழன்று உள்ளே இருக்கும் மருந்து வெளிவரும். அதுதான் அசதயோப்ரின்.

1962-ல் முர்ரே குழுவினர் இந்த மருந்தைப் பயன்படுத்தி, உறவே இல்லாத ஒருவரின் சிறுநீரகத்தை ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். அது ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தது. அடுத்து டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் என்ற மருத்துவர் இதோடு ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து இன்னும் நல்ல பலன் கண்டார். சைக்ளோஸ்போரின் வரும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் உலகம் முழுக்க உறுப்பு மாற்றுச் சிகிச்சை இந்த இரண்டு மாத்திரைகளின் தோளில்தான் நின்றது. நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-ல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்ததும் அந்தக் காலத்தில்தான். முர்ரேக்கும் 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அடைபட்ட வடிகால்

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

6-மெர்காப்டோபியூரின் உடம்பில் நெடுநேரம் நிற்பதில்லை. சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். அந்த நொதியை அடைத்தால் மருந்து கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யுமே என்று யோசித்து அதே ஆய்வுக்கூடம் எடுத்த சேர்மம்தான் அல்லோபியூரினால். டியூக் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர் நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். மருந்தின் வேகம் கூடியது. கூடவே ரத்தத்தில் யூரிக் ஆசிடும் குறைந்தது. ஏனென்றால் யூரிக் ஆசிட்டை உண்டாக்குவதும் அதே நொதிதான். இப்படித்தான் பெருவிரல் வீங்கும் அந்த நோய்க்கு 1966-ல் மருந்து கிடைத்தது. புற்றுநோய்க்குத் தேடியது கீல்வாதத்துக்கு உதவியது!

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அசதயோப்ரின் மேலே ஊற்றுகிற குழாய். அந்த நொதி கீழே இருக்கும் வடிகால். இரண்டும் சரியாக இருந்தால் தொட்டி அளவோடு நிற்கும். வடிகாலை அடைத்துவிட்டு மேலே பழைய வேகத்திலேயே ஊற்றினால் தொட்டி நிரம்பி வழியாதா? அல்லோபியூரினால் வடிகாலை அடைத்தது. மருந்து கூடிக்கூடி, எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் பிறப்பதையே நிறுத்திவிட்டது. இரண்டும் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அசதயோப்ரினை நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும். கூடுமானவரை சேர்க்காமலேயே இருப்பார்கள்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பே அந்த ஆய்வுக்கூடம் கண்டு எழுதி வைத்த விஷயம். உலகத்துக்குத் தெரிந்திருந்தது. எங்க வீட்டுக்கு வந்து சேரவில்லை. டவுன் டாக்டருக்கும் நான் சொல்லவில்லை. எழுதி வைத்த அறிவுக்கும் நோயாளியின் கைக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்தாளுநர் அக்கா செய்யும் வேலை அதுதான்.

சித்தப்பா வீடு திரும்பும் முன் அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்காக அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து, எந்த மாத்திரை எப்போது என்று ஒட்டிக் கொடுத்தார். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், ரத்தம் கொடுத்தபிறகே காலை மாத்திரை போட வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும் என்றார். மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது, அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் கேட்காமல் தொடக் கூடாது என்றார். கடைசியில் எல்லாவற்றையும் அப்பத்தாவையே திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்பத்தா ஒன்றுவிடாமல் ஒப்பித்தது!

பட்டம் தேடி வந்தது

எலியன் 1967-ல் சோதனைச் சிகிச்சைத் துறைக்குத் தலைவரானார். 1970-ல் கம்பெனி வட கரோலினாவுக்கு இடம் மாறியபோது கூடவே போனார். 1970-களில் அவர் குழு அசைக்ளோவிர் என்ற மருந்தைக் கொண்டு வந்தது. அக்கி போன்ற ஹெர்பிஸ் வகை வைரஸ் நோய்களுக்கான மருந்து அது. வைரஸைத் தாக்கும், நல்ல செல்லை அதிகம் தொடாது. அதுவரை அப்படி ஒரு மருந்தே முடியாது என்று நினைத்திருந்தார்கள். 1983-ல் ஓய்வு பெற்றார். அவரிடம் வேலை பழகியவர்கள் அதே வழியில் எய்ட்ஸுக்கு எதிரான முதல் மருந்தான ஏ.இசட்.டி.யைக் கொண்டு வந்தார்கள்.

1988-ல், எழுபது வயதில், ஹிச்சிங்ஸோடும் ஜேம்ஸ் பிளாக்கோடும் சேர்ந்து நோபல் பரிசு. அடுத்த வருஷம், 1989-ல், ஒரு காலத்தில் முழு நேரம் வந்தால்தான் ஆச்சு என்று சொன்ன அந்த பாலிடெக்னிக், அப்போது பல்கலைக்கழகமாகி இருந்தது, அவரைக் கூப்பிட்டு கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது! இதைப் படித்தபோது ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

பரிசுகளைவிட, பிழைத்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களையே அவர் பெரிதாக நினைத்தாராம். சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைகளின் பெற்றோர்கள் எழுதியவை அவை. 1999 பிப்ரவரி 21-ம் தேதி, எண்பத்தோராவது வயதில் வட கரோலினாவில் காலமானார்.

நண்பர்களே! எங்க சித்தப்பா போன மாதம் ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட்டு முடித்தார். அப்பத்தா இன்னும் சூரியன் அட்டையைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது. நான் டிப்ளமோ முடித்ததும் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் சேர வேண்டும் என்று இருக்கிறேன். முதலில் ஊறுகாய்தான் கிடைத்தாலும் போவேன்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். நம்மில் பலர் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நாம்தான். பெரியவர்களை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது அவர்கள் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மேஜையில் கொட்டுங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கத் தெரிந்துவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். போதாது!